சிறுநீர்க்கல் ஆராய்ச்சி: ஒரு பெயரும் பல பொருளும்

ஒரு நோய்க்குப் பெயர் ஒன்றாயின் காரணமும் ஒன்றே எனக் கொள்ளுதல் மருத்துவ வரலாற்றில் பலகாலும் காணப்படும் மயக்கமாகும். சிறுநீர்க்கல்லைப் பற்றிய அம்மயக்கம் நீங்கிய வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோனா ஸ்டீபன்ஸ் என்னும் பெண்மணியார் கல்லைக் கரைக்கும் மருந்தொன்றால் புகழ் பெற்றார். அதன் செய்முறையை வெளியிடுதற்கு 5,000 பவுன் வழங்க 1739இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இசைந்தது. சுட்ட முட்டையோடும் சவர்க்காரமும் சேர்ந்த காரமருந்தே அது. எல்லாக் கல்லும் அதனாற் கரையுமா என்னும் வினாவிற்கு அக்காலத்தார் விடை கூற இயலவில்லை. கல் எப்பொருளால் ஆயது என்பதை அவர்கள் அறியாமையே அதற்குக் காரணம்.

1776இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே, தாம் ஆய்ந்த கற்களில் ஓர் அமிலத்தைக் கண்டார். சிறுநீரிலும் அஃது உண்டெனக் காட்டினார். பின்னர் யூரிக் அமிலம் எனப் பெயர் பெற்றது அதுவே. கல்லெல்லாம் அவ்வமிலமே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 1797இல் உல்லாஸ்டன் இதனை மறுத்து, கால்சியம் ஆக்சலேட்டாலும் பாஸ்பேட்டுகளாலும் ஆகிய கற்களும் உள என நிறுவினார். 1810இல் சிஸ்டின் கல்லையும் கண்டறிந்தார். 1817இல் மார்செட் இவ்வகைகளைப் பிரித்தறியும் முறைகளை மருத்துவர்க்கென நூலாக வகுத்தார்.

இப்பாகுபாடு வெறும் பெயர்ப் பாகுபாடு அன்று. யூரிக் அமிலம் புளிப்பு மிக்க சிறுநீரிற் படியும், காரத்திற் கரையும். பாஸ்பேட்டுக் கல்லோ காரத்தன்மை மிக்க சிறுநீரில் வளரும். ஆகவே ஒருவர்க்கு மருந்தாகும் காரம் மற்றொருவர்க்குக் கேடாகும். ஸ்டீபன்ஸின் மருந்து அனைவர்க்கும் பொதுவாகாமை இதனாற் பெறப்படும்.

இன்று மிகுதியாகக் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட்டுக் கல். சிறுநீரின் அளவு குறைதலும், அதில் கால்சியமும் ஆக்சலேட்டும் மிகுதலும், சிட்ரேட்டு குறைதலும் அதன் காரணங்களாம். கல்லிற் கால்சியம் இருத்தலின் உணவில் அதனைக் குறைத்தல் வேண்டும் என்பதும் பெயரால் எழுந்த மயக்கமே. 2002இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், கால்சியம் குறைத்து உண்ட 60 பேருள் 23 பேர்க்குக் கல் மீண்டது. கால்சியத்தைக் குறைக்காமல், உப்பையும் புலாலையும் குறைத்து உண்ட 60 பேருள் 12 பேர்க்கே மீண்டது. உணவிலுள்ள கால்சியம் குடலில் ஆக்சலேட்டைப் பிணித்து வெளியேற்றுதல் இதற்குரிய விளக்கங்களுள் ஒன்று.

‘கல்லடைப்பு’ என்னும் தமிழ்ச்சொல் நோயின் நிகழ்ச்சியைச் செவ்விதின் உணர்த்தும். கல்லின் இயல்பை உணர்த்தாது. கலைச்சொல் ஆக்குவோர், கல்லின் பொருளையும் உடன்சுட்டும் தொடர்களை வழங்குதல் இன்றியமையாதது எனத் துணிகின்றோம்.