மண்டபமும் பூங்காவும்

சென்ற இதழில் நண்பரொருவர், புலம்பெயர்ந்த எமக்கென்று சொந்த மண்டபம் ஒன்று வேண்டுமென எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் போகிற போக்கில், "பூங்கா வாங்குகளில் குந்தியிருந்து கதைத்து என்ன கண்டோம்?" என்றும் கேட்டிருந்தார். ஊரில் வரலாறு படிப்பித்தவன் நான். இப்போது கிழக்கு லண்டனில் ஒரு தொழிற்சாலையில் இரவு முழுதும் நின்றபடி பொதி அடைக்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் நான் குந்தியிருப்பது விக்டோரியா பூங்காவில். எனவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனின் மேற்கே ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்கள் இருந்தன. கிழக்கே பட்டு நெசவாளரும் துறைமுகக் கூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகளில் அப்படி எதுவும் இல்லை. 1832இல் கொலரா வந்தது. 1833இல் பாராளுமன்றக் குழுவொன்று பொது உலாவிடங்கள் பற்றி ஆராய்ந்தது. 1839இல் பதிவாளர் நாயகத்தின் அறிக்கையில் வில்லியம் பார் என்ற புள்ளிவிபரவியலாளர், கிழக்கு லண்டனில் பூங்கா அமைத்தால் ஆண்டுதோறும் பல ஆயிரம் மரணங்களைத் தவிர்க்கலாம் என எழுதினார். அடுத்த ஆண்டு 30,000 பேர் கையொப்பமிட்ட மனு விக்டோரியா அரசியிடம் போனது. 1841இல் சட்டம் நிறைவேறியது. யோர்க் மாளிகையின் குத்தகையைப் பிரபு ஒருவருக்கு 72,000 பவுணுக்கு விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். மேற்கிலிருந்த மாளிகை ஒன்று கிழக்கின் பூங்காவாக மாறியது என்று சொல்லலாம். ஆனால் அது கொடையல்ல, கேட்டுப் பெற்றது.

பூங்காவை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பென்னதோர்ன். ஏரி, வளைந்து செல்லும் பாதைகள், மரத்தோப்புகள், நடுவே பரந்த புற்றரை என அமைந்தது அது. விளிம்புகளில் வசதியானோருக்கு வீடுகள் கட்டிச் செலவை மீட்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. 1845இல் பூங்கா மக்களுக்குத் திறந்தது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 86 ஹெக்டேயர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1833ஆம் ஆண்டுக் குழு ஏழைகளுக்குக் காற்று வேண்டுமென்று மட்டும் எண்ணவில்லை. தொழிலாளி மனைவி மக்களோடு மேல்வகுப்பாரிடையே உலாவினால் துப்புரவாக உடுத்துவான், மதுக்கடையை மறப்பான் என்றும் எதிர்பார்த்தது. பூங்கா ஒருவகையில் ஒழுக்கம் பழக்கும் பள்ளிக்கூடமாகக் கருதப்பட்டது.

மக்கள் அதை வேறுவிதமாகப் பயன்படுத்தினார்கள். வீட்டில் குளிக்க வசதியற்றவர்கள் அதிகாலையில் அங்குள்ள ஏரியில் குளித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். 1848 ஜூனில், வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தினர் அயலிலுள்ள பொனர்ஸ் பீல்ட்ஸ் திடலில் கூடியபோது பொலிசாருடன் மோதல் நடந்தது. பின்னர் வில்லியம் மொரிஸ், அன்னி பெசன்ற் போன்றோர் பூங்காவில் நின்று பேசினார்கள். மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவனின் மண்டபமாக அது இருந்தது.

அதே காலத்தில் எமது ஊரில் என்ன நடந்தது? யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அருகிலுள்ள பழைய பூங்கா, அரசாங்க அதிபர் டைக் தம் வதிவிடத்தைச் சுற்றி மரங்கள் நாட்டி உருவாக்கியது. தாய்நாட்டில் மக்களுக்குப் பூங்கா திறந்த அதே அரசு, குடியேற்ற நாட்டில் அதிகாரிக்குப் பூங்கா வைத்தது. இன்றும் எம்மவர் பலர் பூங்காவைப் பெரிய மனிதரின் வளவாக எண்ணி விலகி நடப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நான் இங்கு வந்த முதல் வருடம், "அதிலே இராதையுங்கோ, ஆரும் விசா கேட்பாங்கள்" என்று என்னை எழுப்பிக் கூட்டிச் சென்றவர் எமது ஊர்க்காரர் ஒருவரே. அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள் அங்கு இருந்துவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஆயினும் பூங்காவை நான் புனிதமாக்க விரும்பவில்லை. 1978 ஏப்ரல் 30ஆம் திகதி இனவாதத்துக்கு எதிராகப் பல்லாயிரவர் திரபல்கார் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக வந்து விக்டோரியா பூங்காவில் இசை விழா நடத்தினர். நான்கு நாட்களின் பின், உள்ளூராட்சித் தேர்தல் நாளான மே 4ஆம் திகதி மாலையில், வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளி இளைஞர் வைற்சப்பலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் தையற்றொழிலாளி. ஒரு பூங்காவில் கூடிய பெருங்கூட்டத்தால் இன்னொரு பூங்காவின் அருகே நடந்து போனவரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மே 14இல் ஏறத்தாழ 7,000 பேர் அவரது சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் வாசஸ்தலம்வரை நடந்தார்கள். அதுவரை வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சமூகமொன்று தெருவுக்கு வந்தது. அவர் வீழ்ந்த இடத்தை அடுத்த சென். மேரி பூங்கா, 1940இல் குண்டுவீச்சில் அழிந்த தேவாலயத்தின் வளவு. அது 1998இல் அல்தாப் அலி பூங்கா எனப் பெயர் மாறியது. 1952 பெப்ரவரி 21இல் டாக்காவில் தாய்மொழிக்காக மாண்டவர்களின் நினைவுச்சின்னமான சஹீத் மினாரின் வடிவமொன்றும் அங்கு நிற்கிறது. மொழிக்காகச் சாவதென்றால் என்னவென்று அறிந்த எமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

வங்காளிகள் அந்தச் சின்னத்தைத் தம் மண்டபத்தினுள் வைத்திருக்கலாம். அப்படியானால் நானும் நீங்களும் அதைக் கண்டிருக்க மாட்டோம். மதியச் சாப்பாட்டுப் பொதியோடு வந்து அதனருகே இருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கண்டிருக்கமாட்டார்கள்.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மண்டபத்தைக் கட்டுவோம், அங்கே எமக்குள் பேசுவோம். ஆனால் மண்டபத்துக்குத் திறப்பு உண்டு, திறப்பை வைத்திருக்க நிர்வாகக் குழுவும் உண்டு. அந்தக் குழுக்கள் எப்படி உடைகின்றன என்பதை நாம் அறியாதவர்களல்லர். உடைந்த இரு தரப்பாரும் அடுத்த ஞாயிறு ஒரே வாங்கில் இருக்கக்கூடிய இடம் பூங்கா ஒன்றே. வரும் கோடையில் எமது வாசகர் சந்திப்பை விக்டோரியா பூங்காவில் நடத்திப் பார்த்தால் என்ன? தேநீர்ப் போத்தலை நான் கொண்டு வருகிறேன். மறுப்பவர்கள் அங்கு வந்தே மறுக்கலாம்.