பாறைக்கு யார் பெயர்? - ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைச் செப்பனிட்டது குறித்து

தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரை என்றாலே செயப்பாட்டுவினைதான். 'கண்டறியப்பட்டது', 'பெயரிடப்பட்டது', 'பகுக்கப்பட்டுள்ளது'. யார் கண்டறிந்தது, யார் பெயர் வைத்தது என்று கேட்டால் பிரதி வாயைத் திறக்காது. அரியலூர் வட்டாரத்துப் புதைபடிவப் பாறைகள் பற்றிய அப்படியொரு கட்டுரையை நண்பர் ஒருவர் மொழிநடை பார்க்கக் கொடுத்தார். "ஒற்று மட்டும் பாருங்க, போதும்" என்றார். போதவில்லை.

முதல் சிக்கல் கலைச்சொல். ஃபாசிலுக்கும் 'படிவம்', அது கிடக்கிற பாறைத்தொகுதிக்கும் 'படிவம்'. பின்னதை 'அடுக்கு' என்று மாற்றினேன். அடுத்தது வினைமுற்று. கே, கன்லிஃப் என்ற சென்னை மாகாண அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு அடுக்குகளைத் தொகுதி பிரித்து ஊர்ப்பெயர்களைச் சூட்டினார். எழுவாய்களைத் திரும்பக் கொண்டுவந்ததுமே இது காலனிய வருவாய் நிர்வாகத்தின் வரலாறும்தான் என்பது தெரிந்துவிடுகிறது.

அந்தப் பெயர்களில் ஒன்று 'உட்டாட்டூர்'. பாடாலூருக்குப் பக்கத்திலிருக்கும் ஊட்டத்தூர்தான் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும்போது இப்படி உருமாறி வந்திருக்கிறது. நம் ஊரை நாமே மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். இதைத் திருத்துவதில் சங்கடம் எதுவுமில்லை, திருத்தினேன்.

'டால்மியாபுரம் அடுக்கு' அப்படிப்பட்டதல்ல. ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த இந்தச் சுண்ணாம்புக்கல், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் பவளங்களும் பாசிகளும் சேர்ந்து உண்டாக்கியது. இந்த வட்டாரச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1939இல் கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. ஆலையின் பெயர் ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் ஏறியது. 1953 ஜூலை 15 அன்று அந்தப் பெயரை எதிர்த்துக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி அதற்கு அடுத்த வருஷம், 1954இல் வந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரே காலகட்டம்தான். ஒரு பக்கம் அறிவைத் தமிழில் பெயரிட்டார்கள், இன்னொரு பக்கம் நிலையப் பலகையில் தமிழ்ப் பெயர் கேட்டார்கள்.

நிலையத்தின் பெயர் இப்போது கல்லக்குடி பழங்காநத்தம். பாறையின் பெயர் மட்டும் மாறவில்லை. ஊரின் பெயர் மாறினாலும் அடுக்கின் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்பது நிலவியலாளர்களின் பன்னாட்டு நெறி. அப்படியென்றால் செப்பனிடுகிறவன் என்ன செய்வது? 'கல்லக்குடி அடுக்கு' என்று அடித்தெழுதிவிடலாம். ஆனால் அந்தப் பெயரோடு ஆய்வேடுகளைத் தேடிப்போகிற மாணவனுக்கு எதுவும் அகப்படாது. போராட்டம் நடந்ததற்கான தடயமும் அதோடு அழியும். பழைய பெயரை அப்படியே விட்டாலோ, ஆலை முதலாளியின் பெயர் இயற்கையின் பெயராகிவிடும். பெயரை வைத்துக்கொண்டு, அது எப்படி வந்தது என்று இரண்டு வாக்கியம் சேர்த்தேன்.

"நிலவியல் கட்டுரையில் அரசியல் எதுக்குங்க?" என்றார் நண்பர். அந்தப் பெயர் முதலில் வந்ததே அரசியலால்தானே என்றேன். சேவூர்த் தறியில் நெய்த சேலை கடைக்குப் போனால் 'ஆரணிப் பட்டு' ஆகிவிடுகிறது. பெயர் வைக்கிற உரிமை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நெசவாளர் வீட்டில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மொழியைச் செப்பனிடுவது மேடுபள்ளம் தெரியாமல் இழைப்பதல்ல. நண்பரின் கட்டுரையில் 'சிமெண்ட் தயாரிக்கப் பயன்படுகிறது' என்பது கடைசி வரியாக, ஒட்டாமல் நின்றது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தேன். டால்மியாபுரம் அடுக்கு நன்றாகக் கண்ணில் படுவது சுரங்கக் குழிகளின் சுவர்களில்தான். நமக்கு அதைக் காட்டித் தருகிற வெட்டுதான் அதைத் தின்றும் தீர்க்கிறது. இந்த முரணை எழுதாத கட்டுரை எத்தனை பிழையற்ற தமிழில் இருந்தாலும் பாதிக் கட்டுரைதான்.