ஃபாரடேயின் உருண்டைக்குள் அரக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை. இந்த டேனரி ஊர்கள் நெடுங்காலம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலை அரைப்பதத்திலேயே கப்பலேற்றி வந்தன. மெருகும் லாபமும் வெளிநாட்டில். 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்ட பிறகுதான் கடைசி மெருகு வேலையும் இங்கே பரவலானது. தோல் மெருகுப் பூச்சுகளில் பாலிலிருந்து எடுக்கும் கேசீனோடு சேரும் பழைய சரக்கு ஒன்று உண்டு: அரக்கு.

மின்னியல் வரலாற்றிலும் இந்த அரக்குக்கு ஓர் இடம் இருக்கிறது. யாரும் அதிகம் சொல்வதில்லை.

1837இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரே மாதிரியான இரண்டு கோள மின்தேக்கிகளைச் செய்துவைத்தார். வெளியே இரு பாதிகளாகப் பிரியும் பித்தளைக் கூடு, உள்விட்டம் 3.57 அங்குலம். நடுவே 2.33 அங்குலப் பித்தளைக் குண்டு, அரக்குத் தண்டில் நிற்கும். கூட்டுக்கும் குண்டுக்கும் இடைவெளி 0.62 அங்குலம்தான். மின்னூட்டம் தந்த அந்நாளைய உராய்வு மின் இயந்திரங்களில் கண்ணாடியைத் தேய்த்தது ரசக்கலவை பூசிய தோல் மெத்தை. ஆக, தோலும் அரக்கும் அங்கேயே கூட்டாளிகள்.

ஒரு மின்தேக்கியின் கீழ்ப்பாதியில் கிண்ணம்போல் வார்த்த அரக்கை வைத்தார். மற்றதில் வெறும் காற்று. ஒன்றுக்கு மின்னூட்டம் கொடுத்து இன்னொன்றோடு பகிரவிட்டார். இடையில் இருப்பது வெறும் தடுப்பு என்றால் சரிபாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை, அரக்கு இருந்த பக்கம் அதிகம் வாங்கிக்கொண்டது. மின்னூட்டம் ஏற்க உதவும் திறனில் காற்றை 1 என்று வைத்தால் அரக்குக்குச் சுமார் 2, இதேபோல் சோதித்த கந்தகத்துக்கு 2.24 என்று கணக்கிட்டார். ஹென்றி கேவண்டிஷ் 1770களிலேயே இதைத் தொட்டிருந்தார். ஆனால் மனிதர் வெளியிடவே இல்லை. அந்தக் குறிப்புகள் 1879இல் மாக்ஸ்வெல் பதிப்பித்த பிறகே வெளியே வந்தன.

ஆற்றல் உலோகத்தில் இல்லை, இடைவெளியில் பரவிய புலத்தில் இருக்கிறது என்று மாக்ஸ்வெல் 1865இல் எழுதினார். ஃபாரடேயின் உருண்டையிலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம். மையத்திலிருந்து தூரம் கூடக்கூட, தூரத்தின் இருமடிக்கு ஏற்பப் புலம் குறையும். கன அளவு ஒன்றுக்கான ஆற்றலோ நான்மடிக்கு ஏற்பச் சரியும். இடைவெளி முழுவதும் காற்று என்றால், குண்டை ஒட்டிய இடத்தில் ஆற்றல் அடர்த்தி கூட்டை ஒட்டிய இடத்தைப்போல் ஐந்தரை மடங்கு. மொத்த ஆற்றலில் பாதி, குண்டிலிருந்து கால் அங்குலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதே மின்னழுத்தத்தில் இடைவெளி முழுவதையும் அரக்கால் நிரப்பினால், ஃபாரடேயின் கணக்குப்படி எல்லா இடத்திலும் அடர்த்தி இரட்டிக்கும்.

அன்றைய ஐரோப்பியச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயிற்று. மின்தேக்கி பாடம் நடத்தும் ஆம்பூர், வாணியம்பாடி ஆசிரியர்கள் ஒரு பிடி அவலரக்கை (செதில் வடிவ அரக்கு) மேசைமேல் வைத்துவிட்டுத் தொடங்கட்டும்; மரச்சாமான் பாலிஷ் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும்.