பக்கம் காணாப் பிழை: ஒரு வரலாற்று நோக்கு

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் கொள்ளளவையுமே விதந்து கூறுவர். பொறி தடைப்படும் இடத்தில் அதனைத் தாங்குதற்கு அறிஞர் கண்ட வழிகள் அத்துணைக் கவனம் பெற்றில. அவற்றுள் ஒன்றை ஈண்டு நோக்குவாம்.

இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேர்ண் தலைமையில் உருவான அற்லஸ் பொறி 1962 டிசம்பர் 7 ஆம் நாள் தொடக்கிவைக்கப்பெற்றது. 48 துவித இலக்கங்கள் கொண்ட அலகு அதில் ‘சொல்’ எனப்பட்டது. விரைவான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களையே கொண்டது. மெதுவான காந்த உருளைகளோ 98,304 சொற்களைக் கொண்டன. இவ்விரண்டையும் ஒரே நினைவகமாகத் தோன்றச் செய்வதே குழுவினரின் நோக்கம். அதன்பொருட்டு நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. வளைய நினைவகத்தின் 32 பக்கங்களுக்கும் 32 முகவரிப் பதிவேடுகள் அமைந்தன. நிரல் நாடிய பக்கம் அவற்றுள் எதிலும் இல்லையெனின், நிரல் இடைநிறுத்தப்படும். உடனே மேற்பார்வை நிரல் அப்பக்கத்தை உருளையிலிருந்து கொணர்ந்து, பதிவேட்டைத் திருத்தும். தடைப்பட்ட கட்டளை முழுவதும் மீண்டும் நிறைவேறும். நிரலை எழுதியவர் இதனை அறியவும் வேண்டியதில்லை. இங்ஙனம் பிழையே ஒரு வேண்டுகோளாக மாறியது.

பின்வந்த இயக்க முறைமைகளில் இப்பொறுப்பு ‘கரு’ எனப்படும் உட்பகுதியைச் சார்ந்தது. பணியும் பெருகிற்று. பக்கம் இல்லையெனின் கொணர்தல் வேண்டும். பொதுப்பக்கத்தில் ஒரு நிரல் தனக்கென எழுத முற்படின் தனிப்படி எடுத்துக் கொடுத்தல் வேண்டும். உரிமையற்ற முகவரியெனின் நிரலை நிறுத்துதல் வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதில் நேர்ந்த தவறு, லினக்ஸ் முறைமையில் ‘டேர்ட்டி கௌ’ என்னும் பெயரால் 2016 ஒக்ரோபரில் வெளிப்பட்டது. தனிப்படி எடுத்தவுடன், எழுதுதற்கே பக்கம் நாடப்பட்டது என்னும் குறிப்பைக் கரு நீக்கிவிடும். அவ்விடைவெளியில் அப்படி கைவிடப்படின், கரு மூலப்பக்கத்தையே படிப்பதற்கென இணைத்து, அதிலேயே எழுதிவிடும். ஆகவே, படிக்கும் உரிமை மாத்திரம் பெற்ற பயனரும் முறைமைக் கோப்புகளை மாற்றி முழு அதிகாரமும் எய்த இயன்றது. லினஸ் தோர்வால்ட்ஸ் 2005 இல் இக்குறையைத் திருத்த முயன்றிருந்தார். வேறொரு பொறிவகையில் அத்திருத்தம் இடர் விளைத்தமையால் அது கைவிடப்பட்டது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதும் குறிப்பை அழியாது காத்ததுடன், படி உண்மையில் உள்ளதா என்பதையும் சோதிக்கச் செய்தது.

அற்லஸ் தடைப்பட்ட கட்டளையை முதலிலிருந்தே நிறைவேற்றியமையால் எதனையும் மறந்திலது. பிற்காலக் கருவோ பிழையை நீக்கிய அளவில், தான் தொடங்கிய நோக்கத்தை மறந்தது. தொடங்கிய நோக்கத்தை மீளச் சோதித்தறியும்வரை எத்திருத்தமும் முற்றுப்பெறுவதில்லை என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.