பிச்சாவரம் மாலைப் படகுப் பயணமும் காட்டின் வரலாறும்

பிச்சாவரம் அலையாத்திக் காடு கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், கிள்ளை பேரூரை ஒட்டி அமைந்துள்ளது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. இடைப்பட்ட உப்பங்கழியில் 51 சிறு திட்டுகளாக இக்காடு பரந்து கிடக்கிறது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வரும் ஊர் என்பதே கிள்ளைக்குப் பழைய அடையாளம். இன்று வெளியூரார் பலர் இவ்வூர் வழியாகச் செல்வது படகுத் துறையைத் தேடித்தான்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் துடுப்புப் படகும் இயந்திரப் படகும் கிடைக்கும். அகலமான கழியில் இரண்டும் ஓடும். கிளைகள் கூரைபோல் கவிந்த குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் நுழைய முடியும். வெயில் தாழ்ந்தபின் செல்பவர்கள் பறவைகள் அடைய வருவதைக் காணலாம். கிரேக்கத் தீவுகளின் மாலைப் படகுகளில் ஏறுவோர் கதிரவன் கடலில் இறங்குவதைப் பார்க்கப் போகிறார்கள். கிள்ளையில் கடல் கிழக்கே இருப்பதால் கதிரவன் நிலத்தின் பக்கமே மறைகிறது. ஆகவே இங்கே மாலையின் அழகு கடலில் இல்லை. வாய்க்காலுக்குள் சாய்வாக விழும் ஒளியில்தான் இருக்கிறது. 1975இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படப்பிடிப்பு இங்கு நடந்தபின் இந்த நீர்வழிகள் தமிழகமெங்கும் அறிமுகமாயின.

படகிலிருந்து தெரிவது பெரும்பாலும் சுரபுன்னை மரங்கள். தாங்கு வேர்களை நீரில் ஊன்றி, வாய்க்காலின் இரு கரையிலும் இவை அடர்ந்து நிற்கின்றன. ஆனால் இந்த வரிசை காட்டின் ஓரம் மட்டுமே. உள்ளே, சேற்றிலிருந்து மூச்சு வேர்களை மேல்நோக்கி நீட்டும் வெண்கண்டல் மரங்களே மிகுதி. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கு உண்டு. கோயிலின் தல மரம் அதுவே. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். வேடிக்கைக்காகக் கிளையை ஒடிப்பது நல்லதன்று.

காட்டின் உண்மையான வரலாறு அந்த ஓர வரிசைக்குப் பின்னால் நடந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு 1970கள் வரை காடு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து மொட்டையாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் மரம் தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. அது பொய்த்தது. நிழலற்ற சேறு வெயிலில் காய்ந்து இறுகித் தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தின்போது பள்ளத்தில் புகுந்த நீர் வடிய வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் வெண்கண்டல் கன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆடு மாடு மேய்ந்ததாலும் மக்கள் விறகு வெட்டியதாலும்தான் காடு அழிந்தது என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. ஏழைகள்மேல் பழியைப் போடுவது எளிது அல்லவா!

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் பள்ளங்களை ஆராய்ந்து இக்காரணத்தை விளக்கியது. மருந்தும் எளியதாகவே இருந்தது. வனத்துறையுடன் சேர்ந்து, இயற்கைக் கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்காலும், அதிலிருந்து மீன் முள்போல் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் நாள்தோறும் வந்து திரும்பவே உப்பு குறைந்தது. கரையில் நட்ட கன்றுகள் மரமாயின. சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் இப்பணியில் பங்கேற்றனர்.

அவர்களுள் இருளர் குறிப்பிடத்தக்கவர். நீரில் இறங்கிக் கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். பிடித்த இறாலைப் போடும் பையின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டே இரு கையாலும் தேடுவார்கள். பயணிகளுக்கு அழகாகத் தெரியும் அதே கழி அவர்களுக்கு அன்றாடச் சோறு.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது இக்காட்டின் பெயர் உலகெங்கும் பரவியது. கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நில உயரமுமே முக்கியக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். இரு கருத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடலை நேராகப் பார்த்துக் கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு பேரழிவுக்கு உள்ளானது. அங்கு வாழ்ந்த மீனவர்கள் உள்நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதனால் ஆற்றுநீர் கூடிவிடவில்லை. அலையாத்திக் காட்டுக்கு உப்புநீர் மட்டும் போதாது. கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவரும் நன்னீரும் வேண்டும். மேலே அணைகளில் நீர் நின்றுவிட்டால் கழியில் உப்பு ஏறும். சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டாலும் ஓதநீர் உள்ளே வருவது குறையும். மீன்முள் வாய்க்கால்களும் தூர்ந்துபோகக் கூடியவை. அவ்வப்போது தூர்வார வேண்டும். அவை படகுப் பயணத்தின் வழியில் இல்லை.