நன்றி நாளும் துக்க நாளும்

நவம்பர் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கக் குடும்பங்கள் கூடியுண்ணும் ‘நன்றி நாள்’ தொன்றுதொட்டு அவ்வாறே வந்ததென நம்புவோர் பலர். 1621இல் பிளிமத்தில் ஆங்கிலக் குடியேறிகளும் வாம்பனோக் மக்களும் அறுவடை விருந்துண்டது உண்மையே. ஆயினும், நாடு முழுவதற்கும் பொதுநாளாக அது நிலைபெற்றது உள்நாட்டுப் போரின் நடுவிலாகும். ஐந்து பிள்ளைகளின் தாயும் விதவையுமான பத்திரிகையாசிரியை சேரா ஹேல் பல்லாண்டு விடாது எழுதிவந்தார். 1863இல் லிங்கன் பிரகடனம் செய்தார். அப்பிரகடனத்திற் பிளிமத் விருந்தைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை! பிற்காலப் பாடநூல்களே அதனை இந்நாளின் மூலமெனப் பரப்பின. பாடநூலை வேதமாகக் கொள்ளும் ஆசிரியர்களாகிய நாம் இதனைக் கவனித்தல் நன்று. அன்று ஐந்து மான்களை விருந்துக்கு அளித்த மக்களின் பிள்ளைகள் 1675–76 போரில் உயிரும் நிலமும் இழந்ததை அந்நூல்கள் பேசவில்லை. 1970 முதல் ஆண்டுதோறும் அதே வியாழனன்று பூர்வகுடியினர் பிளிமத் குன்றொன்றிற் கூடித் தேசிய துக்க நாள் அனுட்டிக்கின்றனர். அவருட் பலர் அன்று நோன்பிருக்கின்றனர்.