சாடிக்கு மண்ணா, தும்புத்தூளா?

எங்கள் காணி விடுபடும்வரை உறவினர் ஒருவரின் வளவு மூலையில் தகரக் கொட்டில் போட்டு இருந்த காலத்தில்தான் நான் சாடியில் பயிர் வைக்கப் பழகினேன். பிறருடைய நிலத்தில் மரம் நட மனம் வரவில்லை. சாடி என்றால் எழும்பிப் போகும்போது கையோடு கொண்டுபோகலாம். உரப்பை, எண்ணெய்க் கலன், ஓட்டை வாளி என்று கிடைத்ததிலெல்லாம் மிளகாயும் கத்தரியும் வைத்தேன். முதலில் மண்ணிலும் பின்னர் தும்புத்தூளிலும் வைத்துப் பார்த்ததில் அறிந்துகொண்டவற்றை, சிறு வளவில் வாழ்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

தும்புத்தூள் என்றால் என்ன?

தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது உதிரும் தவிட்டு நிறத் தூளே இது. முன்பு தும்பு ஆலைகளின் அருகே கழிவாகக் குவிந்து கிடந்தது. இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் உலகெங்கும் உள்ள பசுமைக்குடில்களுக்கு ஏற்றுமதியாகிறது. 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் ஏறத்தாழ 60 முதல் 70 லீற்றர் வரை பெருகும். 10 லீற்றர் வாளிகள் ஆறுக்குப் போதும். தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அப்போதும் வேருக்குத் தேவையான காற்று அதனுள் இருக்கும்.

மண் சாடிக்குள் ஏன் இறுகுகிறது?

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் நல்ல மண். ஆனால் அதே மண்ணை மட்டும் சாடியில் நிரப்பித் தினமும் நீர் ஊற்றினால் சில வாரங்களில் இறுகிவிடும். தோட்டத்தில் மண்புழுவும் ஆழ வேர்களும் மண்ணை இளக்கி வைத்திருக்கின்றன; சாடிக்குள் அந்த வேலை நடப்பதில்லை. சோளகக் காற்றுக் காலத்தில் மண் சுருங்கிச் சாடியின் ஓரத்தை விட்டு விலகும். ஊற்றும் நீர் அந்த இடைவெளியால் ஓடிவிடும், வேர் நனையாது. கரையோர மணல் மண்ணில் பிரச்சினை வேறு: நீரும் பசளையும் நில்லாமல் கீழே இறங்கிவிடும்.

எடையும் கவனிக்க வேண்டியது. நனைந்த மண் நிரம்பிய 10 லீற்றர் வாளி 15 கிலோவுக்கு மேல் வரும். தும்புத்தூள் வாளி அதில் பாதிகூட வராது. வயதானவர்களுக்கும், கால் இழந்தவர்களுக்கும், உடலில் செல் துண்டுகளோடு வாழ்பவர்களுக்கும் இது பெரிய வேறுபாடு. பாரம் குறைந்த சாடிகளை மேசை உயரத்துக்குத் தட்டு அடித்து வைத்தால் குனியாமலும், சக்கர நாற்காலியில் இருந்தபடியும் பராமரிக்கலாம்.

தும்புத்தூளில் சாப்பாடு இல்லை

மண்ணில் களியும் மக்கும் சத்துகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருநாள் பசளை தவறினாலும் செடி தாங்கும். தும்புத்தூளில் ஓரளவு பொற்றாசியம் உண்டு. நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. மக்காத தூளாக இருந்தால், மக்கும்போது நாம் இடும் நைதரசனையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். செடி வெளிறிக் குறண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே தும்புத்தூளை மட்டும் நிரப்பினால், அல்பேட் கலவை போன்ற கரைசல் பசளையை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

2021 ஆம் ஆண்டு அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது இதை நான் கண்ணால் கண்டேன். தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டாலும் பசளை விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தனித் தும்புத்தூளில் இருந்த என் மிளகாய்கள்தான் முதலில் மஞ்சளாகின. மாட்டெருவும் குழையும் கலந்த மண் சாடிகள் குறைவாகக் காய்த்தாலும் நின்று பிடித்தன. கடைப் பசளையை நம்பியிருக்க முடியாத வீட்டில் தனித் தும்புத்தூள் வேண்டாம் என்பேன்.

உப்பைக் கழுவுங்கள்

கரையோரத் தென்னையின் மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும். சில இடங்களில் மட்டையைக் களப்பு நீரில் ஊறவைத்தே தும்பு எடுப்பார்கள். கழுவாத தூளில் நட்டால் இலை நுனி கருகும். நான் முதன்முதல் வாங்கிய கட்டியைக் கழுவத்தான் செய்தேன், ஆனால் எங்கள் உவர்க் கிணற்று நீரால். நட்ட நாற்றுகளில் பாதி போய்விட்டன.

செய்முறை இதுதான். கட்டியை நல்ல நீரில் ஊறவைத்து, சாக்கில் இட்டுப் பிழிந்து நீரை வடியுங்கள். இவ்வாறு மூன்று தடவை செய்யுங்கள். மாரியில் கூரை நீரைப் பிடித்துச் செய்வது சிறந்தது. சாக்கை மழையில் தொங்கவிட்டாலும் சரி. பின்னர் ஒரு சிரட்டையில் அந்தத் தூளை நிரப்பிப் பயறு விதைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் முளைத்து, இலை கருகாமல் இருந்தால் நடலாம். கருகினால் மீண்டும் கழுவ வேண்டும்.

நீர் ஊற்றும்போதும் கவனம் தேவை. தும்புத்தூளின் மேற்பரப்பு காய்ந்து வெளிறினாலும் உள்ளே ஈரம் இருக்கும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

மண்ணை எங்கே எடுப்பது?

சாடிக்கு மண் தேடிப் பாழடைந்த காணிகளிலோ பழைய மண் அணைகளிலோ தோண்டவேண்டாம். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்ற எத்தனை ஆண்டுகள் எடுத்தன என்பது நமக்குத் தெரியும். துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட, ஆட்கள் தொடர்ந்து பயிரிடும் தோட்டத்தின் மேல்மண்ணை மட்டும் கேட்டு எடுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பாதுகாப்பான மண் அருகில் இல்லாதவர்களுக்குத் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்த சாடியே போதும்.

நோயையும் பார்க்க வேண்டும். தக்காளி, கத்தரி தொடர்ந்து நட்ட தோட்ட மண்ணில் பக்றீரியா வாடல் நோயும் வேர் முடிச்சு வட்டப்புழுவும் இருக்கக்கூடும். அந்த மண்ணை எடுத்தால் நோயும் சாடிக்குள் வரும். மண்ணை ஈரமாக்கிப் பரப்பி, நிறமற்ற பொலித்தீனால் இறுக மூடி, கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் இவை பெருமளவு குறையும்.

நான் இப்போது செய்வது

நாற்று வளர்க்க: கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, அரித்த கூட்டெரு ஒரு பங்கு.

மிளகாய், கத்தரி, தக்காளி, கீரைக்கு: மேல்மண், கழுவிய தும்புத்தூள், கூட்டெரு மூன்றும் சம பங்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாட்டுச்சாணமும் சீமைக்கிளுவைக் குழையும் ஊறிய நீரை நன்கு ஐதாக்கி ஊற்றுகிறேன்.

கறிவேப்பிலை, தேசிக்காய் போன்று பல ஆண்டு நிற்பவைக்கு: மண் பாதிக்கு மேல் வேண்டும். தும்புத்தூள் காலப்போக்கில் மக்கிச் சாடியில் தாழ்ந்துவிடும்.

மணல் மண் உள்ள இடத்தில் தும்புத்தூளையும் கூட்டெருவையும் சற்றுக் கூட்டலாம்.

காணி கிடைத்து நாங்கள் திரும்பியபோது கிணறு தூர்ந்திருந்தது, தென்னைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. சாடிகளில் இருந்த பழைய கலவையைப் புதிய தென்னங்கன்றுகளின் குழிகளில் கொட்டி, ஈரம் நிற்க அடியில் தேங்காய் மட்டைகளை அடுக்கினேன். கறிவேப்பிலையைச் சாடியிலிருந்து எடுத்துக் கிணற்றடியில் நட்டேன். மிளகாய்ச் சாடிகளை அப்படியே வைத்திருக்கிறேன். அடுப்படி வாசலில் அவைதான் நிற்கின்றன.